வாசலில் நிற்கும் லேத்

கரண்ட் போனதும் ஒரு வகையில நல்லதாப் போச்சு அண்ணாச்சி. உங்க மாவு மில்லு ஓடிக்கிட்டு இருந்தா நான் கத்திக் கத்தித்தான் பேசணும். மதினி, காப்பியெல்லாம் வேண்டாம், ஒரு சொம்பு தண்ணி போதும். காலையில இருந்து இது எத்தனாவது வீடுன்னு எனக்கே மறந்து போச்சு. போற வீட்டுல எல்லாம் காப்பி குடிச்சு வயிறு புளிச்சுக் கெடக்கு.

எம்பேரு நல்லசிவன். டாக்டர் நல்லசிவன்னு போர்டுல போட்டிருக்கும். ஊசி போடுற டாக்டர் இல்ல, ஆராய்ச்சி பண்ணி வாங்கினது. பைபாஸ்ல கண்ணாடிக் கட்டடமா ஒண்ணு தெரியுமே, வாசல்ல இரும்பு கடையுற லேத் மெஷின் ஒண்ணை மேடை கட்டி நிறுத்தி வச்சிருப்பாங்களே, அந்த இன்ஜினியரிங் காலேஜ்ல பேராசிரியரா இருக்கேன். ஆமா, பேராசிரியர்தான். பேராசிரியர் எதுக்கு இந்த வெயில்ல பைக்க எடுத்துக்கிட்டு ஊர் ஊரா அலையுறாருன்னுதான பாக்கிறீங்க. எல்லாரும் அப்படித்தான் பாக்கிறாங்க. போன வாரம் ஒரு ஊர்ல என் பையையும் பைக்கையும் பாத்துட்டு, ஈயம் பூசுற ஆளுன்னு நெனைச்சு ஒரு அம்மா ஓட்டைக் குடத்தைக் கொண்டாந்து வச்சிட்டாங்க.

இப்பம் எல்லாக் காலேஜ்லயும் இதான் வழக்கம். பிளஸ் டூ பரீட்சை முடிஞ்சதும் எங்களுக்குப் பாடம் நடத்துற வேலை நின்னுரும், வீடு வீடாப் போற வேலை ஆரம்பிச்சிரும். பள்ளிக்கூடத்துல இருந்து பிள்ளைகளோட பேரும் போன் நம்பரும் வாங்கிக்கிடுவோம். ஆளுக்கு இத்தனை பேரைச் சேக்கணும்னு மேல இருந்து சொல்லிருவாங்க. மத்தவங்களுக்குச் சொன்னதுல ரெண்டு மடங்கு இந்த வருஷம் எனக்குச் சொல்லியிருக்கு. சேக்கலைன்னா காலேஜ் திறக்கும்போது என் நாற்காலியில வேற ஆள் உக்காந்திருப்பான். எனக்கு ஒளிச்சுப் பேசத் தெரியாது அண்ணாச்சி. உங்க மக பொன்செல்வி எங்ககிட்ட சேந்தா அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

அவ மார்க்கைப் பாத்தேன். பிசிக்ஸ்ல நல்ல மார்க். இந்த மார்க்குக்கு ஏ.ஐ. கோர்ஸ்தான் சரி. இப்பம் உலகமே அதுலதான் ஓடுது. நாலு வருஷம் முடிக்கும்போது கையில வேலை. எங்க பஸ் உங்க ஊர் ரோடு பிரியுற விலக்கு வரைக்கும் வரும், ஏ.சி. பஸ்ஸு. ஹாஸ்டல்ல வாரத்துக்கு ஒரு நாள் பிரியாணி. இன்னும் என்ன வேணும் சொல்லுங்க.

என்ன அண்ணாச்சி, முகம் ஒரு மாதிரி போகுது.

ஓ. அந்தச் சண்முகக்கனி சமாச்சாரம் இங்க வரைக்கும் வந்துட்டுதா. மாவு மில்லுன்னா நாலு ஊர்க் கதையும் வந்து அரைபடத்தான் செய்யும். என்ன சொன்னாங்க? காலேஜ்க்காரன் ஒரு பிள்ளையோட வாழ்க்கையைக் கெடுத்துட்டான்னா? அப்படித்தான் சொல்லுவாங்க. அந்தக் காலேஜ்க்காரன் நான்தான். சும்மா உக்காருங்க அண்ணாச்சி, கரண்ட் வர்றதுக்குள்ள நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன். யாரு யாரைக் கெடுத்தான்னு நீங்களே சொல்லுங்க. பொன்செல்வியும் அங்க நிலைப்படியிலயே நின்னு கேக்கட்டும். பிள்ளைக தெரிஞ்சுக்கிட வேண்டிய விஷயம்தான்.

நான் அடிப்படையில மெக்கானிக்கல் ஆளு. அந்தக் காலேஜ் ஆரம்பிச்ச காலத்துல இருந்து மெக்கானிக்கல்ல இருந்தேன். அப்பம் எங்க டிபார்ட்மெண்ட்டுல சீட்டுக் கிடைக்கணும்னா சிபாரிசு வேணும். லேத் ஷெட்டுன்னா ஷெட்டு, உள்ள நுழைஞ்சா எண்ணெய் வாசம் சட்டையில ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வரும். புதுசா வர்ற பசங்க கையில முதல் நாளே நான் புத்தகம் குடுக்க மாட்டேன். ஒரு நீள ஸ்க்ரூடிரைவரைக் குடுப்பேன். ஓடுற மெஷின்ல பேரிங் இருக்கிற எடத்துல அதோட நுனியை வச்சு, பிடியைக் காதுல வச்சுக் கேளுன்னு சொல்லுவேன். பேரிங் நல்லா இருந்தா ஒரே சீரா உறுமும். கெட்டிருந்தா உள்ள யாரோ மண்ணை மெல்லுற மாதிரி கேக்கும். அதைக் கேட்டுப் பழகின பெறகுதான் பாடம். எம்பசங்க இன்னைக்கும் எங்கயாவது பாத்தா, சார் இன்னும் காதுல கேக்குது சார்னு சொல்லுவானுக.

அதெல்லாம் போச்சு. மெக்கானிக்கலுக்கு யாருமே வர்றதில்லை. கடைசி வருஷம் வகுப்புல இருந்த பிள்ளைகளை விட வாத்தியார்க அதிகம். ஒரு நாள் கரஸ்பாண்டண்ட் எங்க எல்லாரையும் கூப்பிட்டாரு. முதலாளின்னு வச்சுக்கிடுங்க. மெக்கானிக்கலை மூடியாச்சு, ஏ.ஐ. தொறக்கிறோம், நீங்க எல்லாரும் இந்த லீவுல அதைப் படிச்சிட்டு வந்து நடத்துங்கன்னு சொன்னாரு. கோடை லீவுல ஒரு பாடத்தைப் படிச்சு, லீவு முடிஞ்சு வந்து அதுக்கே பேராசிரியர். நான் படிச்சேன் அண்ணாச்சி. இந்த வயசுல கண்ணாடியை மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து, எம்பையன் வயசுப் பொடியன் ஒருத்தன் வீடியோவுல சொல்றதைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். சர்டிபிகேட்டும் குடுத்தாங்க.

ஷெட்டுல இருந்த மெஷினை எல்லாம் பழைய இரும்புக்காரன் வந்து லாரியில ஏத்திட்டுப் போனான். நான் அன்னைக்கு லீவு போட்டுட்டேன். ஒரே ஒரு லேத்தை மட்டும் குடுக்கல. அதுக்கு வெள்ளி பெயிண்ட் அடிச்சு, வாசல்ல மேடை கட்டி, சுத்தி நீல விளக்குப் போட்டு நிறுத்திட்டாங்க. பாக்க அம்சமாத்தான் இருக்கு. பிள்ளைக அது முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிடுவாங்க.

எம்பையனா? கோயம்புத்தூர்ல படிக்கான். மெக்கானிக்கல்தான். அது கவர்மெண்ட் காலேஜ் அண்ணாச்சி, அது வேற விஷயம். அதை இதோட சேக்காதீங்க.

சரி, கதைக்கு வாரேன். போன வருஷம் இதே மாதிரி வெயில்ல விளாத்திகுளம் பக்கம் ஒரு ஊருக்குப் போனேன். அந்தச் சண்முகக்கனியோட அப்பா டிராக்டர் ரிப்பேர் பாக்கிற ஆளு. தகரக் கொட்டகை. நான் போகும்போது ஒரு டிராக்டரைத் தொறந்து போட்டுட்டு அப்பாவும் மகளும் உக்காந்திருக்காங்க. எதுல சத்தம் வருதுன்னு பிடிபடலை போல. நான் வந்த வேலையைச் சொல்லவே இல்ல. சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, ஸ்க்ரூடிரைவர் இருக்கான்னு கேட்டேன். வச்சுக் கேட்டேன். இங்கதான்யான்னு காட்டினேன். கழட்டிப் பாத்தா அங்கதான். அந்தப் பிள்ளை வாயைத் தொறந்தபடி என்னையே பாக்கா. பெறகு அவளும் ஸ்க்ரூடிரைவரை வாங்கிக் காதுல வச்சா. அப்பவே எனக்குத் தெரியும், இந்த அட்மிஷன் எனக்குத்தான்னு. அண்ணாச்சி, ஆள் பிடிக்கிறதுலயும் ஒரு கைத்திறமை இருக்கு. நோட்டீஸைக் காட்டினா எவனும் நம்ப மாட்டான்.

அவ என்ன கேட்டா தெரியுமா? எனக்கு மெக்கானிக்கல் வேணும் சார், உங்ககிட்ட படிக்கணும்னு கேட்டா. நான் பொய் சொல்லலை. மெக்கானிக்கலை மூடியாச்சுன்னு சொன்னேன். அவ மூஞ்சி சுருங்கிட்டுது. அப்பம்தான் அவகிட்ட சொன்னேன்: "நானே மெக்கானிக்கல் ஆளு. நானே சொல்றேன்னா யோசிச்சுப் பாத்துக்கிடும்மா. மெக்கானிக்கலோட அடுத்த படிதான் ஏ.ஐ." அவ்வளவுதான். அவ அப்பா எங்கையைப் பிடிச்சுக்கிட்டாரு. நீங்க இருக்கிற காலேஜ்னா எனக்குப் பயமில்லை சார்னு சொல்லி, அன்னைக்கே ஒரிஜினல் சர்டிபிகேட்டை எல்லாம் எடுத்துக் குடுத்துட்டாரு. அவ்வளவு மரியாதை.

இங்க வரைக்கும் நான் செஞ்சதுல தப்பு ஏதாவது இருக்கா? இல்லைல்ல.

காலேஜ் தொறந்துச்சு. நான்தான் அவளுக்கு டேட்டா சயின்ஸ் வாத்தியார். இப்பம் பாடம்னா எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. பாடத்தை எல்லாம் படம் படமா யாரோ தயார் பண்ணிக் குடுத்திருப்பாங்க, அதைச் சுவத்துல போட்டு வாசிக்கணும். வாசிச்சு முடிச்சு, பரீட்சைக்கு எது வரும்னு கோடு போட்டுக் குடுக்கணும். பிள்ளைகளும் அதைத்தான் கேக்கும். சார், இது வருமா? வரும். சார், இது வருமா? வராது, விட்டுரு. ரெண்டு பக்கமும் திருப்தி. இந்தப் பிள்ளை மட்டும் கையைத் தூக்கும். ஏன் சார் இந்த எடத்துல இப்படிக் கூட்டுறோம், ஏன் வேற மாதிரி கூட்டக் கூடாதுன்னு கேக்கும். ஏன்னு எனக்கு எப்படிம்மா தெரியும், கூட்டச் சொல்லியிருக்கு, கூட்டுறோம். அப்படிச் சொல்லலை, மனசுல நெனைச்சுக்கிட்டேன். வெளிய, சிலபஸ்ல இல்லம்மா, உக்காருன்னு சொல்லுவேன். உக்காந்துரும். மறுநாளும் கை தூக்கும். அந்தக் கையைப் பாத்தாலே மணி எப்பம் அடிக்கும்னு கடிகாரத்தைப் பாப்பேன் அண்ணாச்சி. ஒரு வாத்தியாருக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்னு வெளிய இருக்கிறவங்களுக்குப் புரியாது. ராத்திரி அந்த வீடியோப் பொடியன்கிட்ட போய்த் தேடுவேன். அவனும் ஏன்னு சொல்ல மாட்டான்.

ஒரு நாள் இதே மாதிரி கரண்ட் போச்சு. ஜெனரேட்டரும் மக்கர் பண்ணுது. சுவத்துல படம் இல்ல. படம் இல்லாம நான் என்னத்தை வாசிக்க? பிள்ளைக எல்லாம் போனைத் தடவிக்கிட்டு இருக்கு. இந்தப் பிள்ளை எந்திச்சு, சார், அந்த லேத்தைப் பத்திச் சொல்லுங்களேன்னு கேட்டா. சரி வாங்கன்னு எல்லாத்தையும் வாசலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். சும்மா பொழுது போகத்தான். இது ஹெட் ஸ்டாக், இது டெயில் ஸ்டாக், இது ஏன் இவ்வளவு கனமா இருக்கு, கனம் இல்லைன்னா வெட்டும்போது என்ன ஆகும்னு ஆரம்பிச்சேன். நான் ஒண்ணு சொல்ல, அவ ஒண்ணு கேக்க, மத்த பிள்ளைகளும் கேக்க ஆரம்பிச்சிட்டு. கரண்ட் வந்தது கூடத் தெரியலை. அடுத்த வகுப்புக்கு மணி அடிச்ச பெறகும் ஒரு பிள்ளையும் நகரலை. அவ ஓடாத லேத் மேல காதை வச்சுக்கிட்டு, ஓடினா எப்படி சார் இருக்கும்னு கேட்டா. நான் வாயால உறுமிக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அன்னைக்கு வீட்டுக்குப் போகும்போது பாட்டுப் பாடிக்கிட்டுப் போனேன்னு வீட்டம்மா சொன்னா. அது கெடக்கட்டும், அது ஒரு பெரிய விஷயமில்லை. அன்னைக்குப் போர்ஷன் பின்தங்கிருச்சுன்னு எனக்கு மெமோ வந்ததுதான் மிச்சம்.

இப்பம்தான் முக்கியமான எடம். காலேஜோட தரத்தைப் பாக்கிறதுக்கு வெளியூர்ல இருந்து ஒரு கமிட்டி வரும். அவங்க போடுற மார்க்கை வச்சுத்தான் எல்லாமே. அதுக்கு எங்க காலேஜ்ல நடக்கிற ஏற்பாட்டை நீங்க பாக்கணும். கல்யாண வீடு தோத்துரும். லைப்ரரியில புத்தகம் வாசிக்கிறதுக்குன்னே ஒரு கூட்டம். விடிஞ்சா அடைஞ்சா ஒத்திகை. கமிட்டி பிள்ளைகளைக் கூப்பிட்டு வச்சுப் பேசும், அதுல பேசறதுக்கு நல்லாப் பேசுற பிள்ளைகளாப் பொறுக்கி முன்வரிசையில உக்கார வைக்கணும். எங்க டிபார்ட்மெண்ட்டுக்கு அந்தப் பொறுப்பு எங்கிட்ட. யாரைப் போடலாம்னு கேட்டாங்க. சண்முகக்கனியைப் போடுங்க, என் ஸ்டூடண்ட், பயப்படாமப் பேசுற பிள்ளைன்னு நானே சொன்னேன். நானே என் வாயால சொன்னேன் அண்ணாச்சி. அவளுக்கு ஒரு பெருமை கிடைக்கட்டும்னுதான சொன்னேன்.

என்ன கேப்பாங்க, என்ன சொல்லணும்னு எழுதிக் குடுத்தாச்சு. இந்தக் காலேஜ்ல எது பிடிச்சிருக்குன்னு கேட்டா, ஏ.ஐ. லேப் பிடிச்சிருக்குன்னு சொல்லணும். அவ ஒத்திகையில எல்லாம் சரியாத்தான் சொன்னா. ஒரு தடவை மட்டும், அந்த லேப் எப்பவும் பூட்டியில்ல சார் கெடக்குன்னு எங்கிட்ட கேட்டா. கமிட்டி வர்ற அன்னைக்குத் தொறந்திருக்கும்னு சொன்னேன்.

கமிட்டியில ஒரு பெரியவர், தமிழ் ஆளு. மத்தவங்க இங்கிலீஷ்ல கேட்டுக்கிட்டு இருக்காங்க, இவர் சாவகாசமா நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டு இவளைப் பாத்துக் கேட்டாரு. கரஸ்பாண்டண்ட் பக்கத்துல நிக்காரு, நான் சுவரோரமா நிக்கேன்.

"இந்தக் காலேஜ்ல உனக்கு ரொம்பப் பிடிச்சது என்னம்மா?"

"வாசல்ல நிக்கிற லேத் சார்."

"அது ஓடாதே?"

"ஓடாது சார். ஆனா நல்லசிவன் சார் ஒரு நாள் எங்களை அங்க கூட்டிட்டுப் போய்ச் சொல்லித் தந்தாங்க. அன்னைக்கு ஒரு நாள்தான் சார் பாடம் நடத்தினாங்க. மத்த நாளெல்லாம் வாசிப்பாங்க."

கேட்டீங்களா. சபையில, முதலாளி முன்னால, அத்தனை பேர் முன்னால என்னை வாத்தியாரே இல்லைன்னு சொல்லிட்டா. நான் அவளுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? அவ வீட்டு டிராக்டருக்குச் சத்தம் கண்டுபிடிச்சுக் குடுத்தேன். முன்வரிசையில உக்கார வச்சேன். எனக்குக் கண்ணு கலங்கிட்டுது அண்ணாச்சி, சும்மா சொல்லலை. அந்தப் பெரியவர் வேற வெளிய போகும்போது நேரா எங்கிட்ட வந்து, ரெண்டு கையாலயும் எங்கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போறாரு. எகத்தாளம். வேற என்ன? அந்தப் பிடி இன்னும் எங்கையில இருக்கு.

எதிர்பாத்த மார்க் காலேஜுக்கு வரலை. அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். கரஸ்பாண்டண்ட் என்னைக் கூப்பிட்டு, ஒரு பொம்பளைப் பிள்ளையைச் சொல்லிக் குடுத்ததைச் சொல்ல வைக்கத் தெரியலை, நீரெல்லாம் என்ன வாத்தியார்னு கேட்டாரு. அவர் கேட்டதுலயும் நியாயம் இருக்கத்தான் செய்யுது. டிபார்ட்மெண்ட்டுக்குத் தலைவரா இருந்தேன், அந்தப் பதவி போச்சு. இந்த சீசன்ல ரெண்டு மடங்கு ஆள் சேக்கணும்னு சொன்னது அதுக்குத்தான். வேற காலேஜுக்குப் போகலாமேன்னு கேப்பீங்க. போக முடியாத நிலைமை, அது பெரிய கதை, விடுங்க.

அந்தப் பிள்ளையை நான் ஒண்ணுமே செய்யலை. கோயில்ல வந்து சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்றேன். இன்டர்னல் மார்க்கைக் குறைச்சுட்டேன்னு ஊர்ல பேசுறாங்க. நான் எங்க குறைச்சேன்? மேல இருந்து இவ்வளவு போடுன்னு வந்துச்சு, போட்டேன். மேல இருந்து வந்ததைப் போட்டா அது நான் போட்டதாகுமா? முன்வரிசையில இருந்து பின்வரிசைக்கு மாத்தச் சொன்னதும் நான் இல்ல. அவ கை தூக்கினா நான் பாக்காத மாதிரி வாசிச்சுக்கிட்டே போயிருவேன், அவ்வளவுதான். கொஞ்ச நாள்ல அவளே தூக்குறதை நிறுத்திட்டா. வகுப்பு அமைதியா நடந்துச்சு.

பெறகு ஒரு நாள் ஸ்டாப் ரூம் வாசல்ல வந்து நிக்கா. எனக்கு இங்க வேண்டாம் சார், கவர்மெண்ட் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் சேரப் போறேன், சர்டிபிகேட் குடுக்க மாட்டேங்கிறாங்கன்னு சொன்னா. குடுக்க மாட்டாங்கதான். நாலு வருஷத்துக்கும் உள்ள பணத்தைக் கட்டினாத்தான் குடுப்பாங்க. அது வழக்கம். டிராக்டர் ரிப்பேர் பாக்கிறவர் எங்க போவாரு அவ்வளவுக்கு?

"சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா குடுப்பாங்க சார்."

நான் சொன்னேன், அன்னைக்கு வாயைத் தொறக்கும்போது யோசிச்சிருக்கணும்னு. அவ ஏன் சார்னு கேக்கலை, அதான் எனக்கு இப்பமும் மனசுல... சரி விடுங்க.

அவ அப்பா வந்தாரு. ஆபீஸ்ல உக்கார விடலை போல, அந்த லேத் மேடையில போய் உக்காந்துட்டாரு. காலையில பாத்தேன், மத்தியானம் பாத்தேன், அங்கயே இருக்காரு. புது நோட்டீஸுக்குப் போட்டோ எடுக்கணும், எந்திரிங்கன்னு வாட்ச்மேன் எழுப்பி விட்டிருக்கான். எழுந்து நின்னு அந்த லேத் மேல கையை வச்சபடியே நிக்காரு. நீங்க இருக்கிற காலேஜ்னா பயமில்லைன்னு சொன்ன மனுசன். நான் அன்னைக்குப் பின்வாசல் வழியா வீட்டுக்குப் போயிட்டேன். அவரைப் பாத்து நான் என்ன சொல்ல? நான் அவர்கிட்ட பேசுறதை யாராவது பாத்தா மேல இருக்கிறவங்க தப்பா நெனைப்பாங்கல்ல.

இப்பம் அந்தப் பிள்ளை காலேஜுக்கும் வர்றதில்லை, எங்கயும் சேரவும் முடியலை. அப்பா கூடவே கொட்டகையில கிரீஸ் கையோட உக்காந்திருக்காளாம். இதைத்தான் உங்க மில்லுல வந்து நான் கெடுத்துட்டேன்னு சொல்லியிருக்காங்க. நீங்க நியாயம் தெரிஞ்ச ஆளு அண்ணாச்சி. சொல்லுங்க, இதுல நான் எங்க வாரேன்? ஒழுங்கா எழுதிக் குடுத்ததைச் சொல்லியிருந்தா இன்னைக்கு ரெண்டாம் வருஷம் போயிருப்பா. எனக்கும் இந்த அலைச்சல் இல்ல.

ஏ, கரண்ட் வந்துட்டுது. போடுங்க, மில்லைப் போடுங்க, வெளிய அந்த அம்மா அரைக்கிறதுக்குக் கம்பு வச்சுக்கிட்டு எவ்வளவு நேரமா நிக்காங்க. நான் அட்மிஷன் பாரத்தை எடுத்து வைக்கேன்.

அண்ணாச்சி, ஒரு நிமிஷம். அந்தச் சத்தம். இல்ல இல்ல, பெல்ட் இல்ல. பெல்ட்டா இருந்தா விட்டு விட்டு அடிக்கும். இது உள்ள இருந்து முனகுது. எத்தனை நாளாக் கேக்கு? என்னது, பொன்செல்வி ஒரு மாசமாச் சொல்றாளா? நீங்கதான் கவனிக்கலையா?

ஏ பாப்பா, எதுக்கு அந்த ஸ்க்ரூடிரைவர்? பெல்ட் பக்கம் போகாத. துப்பட்டா. சரி, இடுப்புல செருகித்தான் வச்சிருக்கியா, சரி. அந்தப் பக்கமா வா. நுனியை மூடி மேல வை, பேரிங் இருக்கிற மூடி மேல. ஆமா, அங்கதான். காதுல.

இதை உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?

யாருமில்லையா. நீயாவே பழகினியா.

எந்தப் பக்கம்? நான் சொல்ல மாட்டேன், நீ சொல்லு. இந்தப் பக்கமும் வச்சுப் பாரு. ரெண்டையும் கேட்டுட்டுச் சொல்லு, அவசரம் இல்ல. பெல்ட் மாட்டுற புல்லி பக்கமா? இங்க குடு, நான் கேக்கேன். ஆமா. ஆமா, புல்லி பக்கம்தான். மண்ணை மெல்லுது. உள்ள குண்டு தேஞ்சு பள்ளம் விழுந்துட்டுது. அண்ணாச்சி, பிள்ளை சரியாச் சொல்லிட்டா. நிறுத்துங்க, இனி ஓட்டாதீங்க, ஷாஃப்ட்டையும் சேத்துத் தின்னுரும். அந்த அம்மா கோவிச்சாலும் பரவால்ல, நாளைக்கு வரச் சொல்லுங்க.

ஏன் சார் அந்தப் பக்கம் மட்டும் போச்சுன்னு கேக்கியா? நல்லாக் கேட்ட. இங்க பாரு, இந்தப் பெல்ட்டை அமுக்கிப் பாரு. அசையுதா? அசையலை. உங்க அப்பா வலுவா இறுக்கிட்டாரு. இப்பம் இந்த இழுவை எல்லாம் எங்க போய் விழும்? ஒரு வாளித் தண்ணியைக் கம்புல மாட்டி ரெண்டு பேர் தூக்கினா, வாளி எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கத்துக்காரனுக்குத்தான தோள் வலிக்கும். அதேதான். புதுசு போட்டுட்டு இறுக்கத்தைக் குறைக்கலைன்னா அதுவும் போயிரும். புரிஞ்சுதா? ஏன்னு புரிஞ்சுதா?

ரொம்ப நாளாச்சு அண்ணாச்சி, இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டு. கொஞ்சம் தண்ணி குடுங்க மதினி. ஒண்ணுமில்லை, மாவுத் தூசி.

என்ன பாப்பா கேட்ட?

உங்க காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தருவீங்களான்னா?

இங்க பாரும்மா. நானே மெக்கானிக்கல் ஆளு. நானே சொல்றேன்னா யோசிச்சுப் பாத்துக்கிடு. மெக்கானிக்கலோட அடுத்த படிதான் ஏ.ஐ.

ஏன் அப்படிப் பாக்கிற? அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க அவகிட்ட. பாரத்துல இந்த எடத்துல ஒரு கையெழுத்து. பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல் எல்லாத்தையும் எடுத்து வைங்க, போகும்போது நானே வாங்கிட்டுப் போயிடறேன். பயப்படாதீங்க அண்ணாச்சி, அங்க பத்திரமா இருக்கும். வேலைக்குச் சேந்த அன்னைக்குக் குடுத்தது, என்னோடதும் அங்கதான இருக்கு.